பொடிப்பனிக்கு ஸ்கீ வாங்குமுன்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 62 கிலோ. லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கியில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டு, பிறகு ஆஸ்திரியாவின் சீர்செய்த சரிவுகளில் தடுமாற்றமின்றி இறங்கும் அளவுக்குப் பழகியிருக்கிறேன். வரும் ஜனவரியில் மகள் குடும்பத்தோடு ஜப்பானின் நிசேகோவுக்குப் போய்விட்டு, தைப்பூசக் காவடிக்கு முன் டர்பன் திரும்புவதாகத் திட்டம். பொடிப்பனியில் சறுக்குவதற்கென்றே செய்யப்பட்ட, பெண்களுக்கான அகலமான ஸ்கீ ஒரு ஜோடி இணையக் கடையொன்றில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. சென்ற ஆண்டுத் தயாரிப்பு. "போட்டுப் பார்க்காமல் வாங்காதீங்கம்மா" என்கிறாள் மகள். வாங்கிக்கொண்டே போவதா, அங்கே போட்டுப் பார்த்து வாங்குவதா? புறப்படுமுன் ஆஃப்ரிஸ்கியிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள், அம்மா. காலுக்கு ஒவ்வாத ஸ்கீ பாதி விலைக்குக் கிடைத்தாலும் நட்டமே. அதுவும் டர்பனில் பொடிப்பனி ஸ்கீயை மறுபடி வாங்கிக்கொள்ள ஆள் கிடைப்பது அரிது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஆஃப்ரிஸ்கி 3000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மலோட்டி மலைகளில் இருந்தாலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நாம் அங்கே சறுக்குவது பெரும்பாலும் இயந்திரங்கள் தூவி, வண்டிகள் அழுத்தி மட்டமாக்கிய பனியில்தான். நிசேகோ இருக்கும் ஹொக்கைடோத் தீவின் பனி வேறு வகை. சைபீரியாவிலிருந்து கிளம்பும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலைக் கடக்கையில் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, அங்குள்ள மலைகளில் மோதி, ஜனவரி முழுவதும் ஓயாமல் இலேசான உலர்பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிக்கென்று செய்த ஸ்கீயை ஆஃப்ரிஸ்கியில் சோதிப்பது, அலைச்சறுக்குப் பலகையை டர்பன் கடற்கரையின் காய்ந்த மணலில் வைத்து ஏறி நின்று பார்ப்பதற்கு ஒப்பாகும். மந்தமாக இருக்கிறது, திரும்ப மறுக்கிறது என்று நல்ல ஸ்கீயையும் ஒதுக்கிவிடுவீர்கள்.

ஸ்கீயின் அகலத்தைக் காலணிக்குக் கீழே, அதாவது இடைப்பகுதியில் அளப்பார்கள். ஆஸ்திரியச் சரிவுகளில் உங்களுக்கு வாடகைக்குத் தந்தவை 70 முதல் 80 மில்லிமீட்டர் வரை இருந்திருக்கும். பொடிப்பனி ஸ்கீக்கள் 100-இல் தொடங்கி 115-ஐயும் தாண்டுகின்றன. அகலம் கூடக்கூடப் பனிமேல் படும் பரப்பு கூடி, புதையாமல் மிதக்க உதவுகிறது. ஆனால் மிதப்பது அகலத்தால் மட்டும் அன்று. 2002 வாக்கில், ஷேன் மெக்கான்கி என்ற சறுக்கு வீரரின் யோசனைப்படி, வோலண்ட் நிறுவனம் 'ஸ்பாட்டுலா' என்ற ஸ்கீயை வெளியிட்டது. நீர்ச்சறுக்குப் பலகையிலிருந்து பிறந்த அந்த யோசனையில், முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்திருந்தன. அந்த வளைவைத்தான் இன்று 'ராக்கர்' என்கிறார்கள். இன்றைய பொடிப்பனி ஸ்கீ எதுவும் அது இல்லாமல் வருவதில்லை. முனை பனிக்குள் குத்தி உங்களை முன்புறம் கவிழ்த்துவிடாமல் காப்பதும், ஆழமான பனியில் எளிதாகத் திருப்ப உதவுவதும் அதுவே.

இங்கேதான் உங்கள் எடை கணக்கில் வருகிறது. 90 கிலோ எடையுள்ள ஆணை மிதக்க வைக்க 115 மில்லிமீட்டர் தேவைப்படலாம். 62 கிலோவுக்கு 100 முதல் 108 வரை போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் பொடிப்பனியில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் சிறிது. காலைப் பனி மிதிபட்டு இறுகிய பிறகு, அந்த அகலத்தை விளிம்பின்மேல் சாய்க்க முழங்கால் படும் பாடு பெரிது. பெண் சறுக்குநர்களுக்கு முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது ஆண்களைவிட அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீளம் பற்றியும் ஒரு வார்த்தை. முனையும் வாலும் தூக்கிய ஸ்கீயில் பனியைப் பற்றும் விளிம்பு முழு நீளத்துக்கும் இருப்பதில்லை. ஆகவே உங்கள் உயரத்தைவிடச் சில சென்டிமீட்டர் நீளமானதையே கடைக்காரர் பரிந்துரைப்பார். அச்சப்பட வேண்டாம். ஒரே ஸ்கீயில் அடுத்தடுத்த இரண்டு நீளங்களைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள்; வெவ்வேறு நிறுவனங்களின் ஐந்தாறு ஸ்கீக்களில் ஏறி இறங்கிக் குழம்புவதைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

சோதனைக்கு முன் செய்ய வேண்டிய செலவு ஒன்று உண்டு, அது பூட்ஸ். வாடகைப் பூட்ஸில் குதிகால் எழும்பிக்கொண்டிருந்தால், குறை ஸ்கீயினுடையதா பூட்ஸினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் பனிக்குப் போகும் நம்மைப் போன்றோர் பூட்ஸைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு, ஸ்கீயை அன்றன்றைய பனிக்கேற்ப வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். சோதித்துப் பார்த்த பிறகும் வாங்க வேண்டும் என்று தோன்றினால், அப்போது தாராளமாக வாங்குங்கள்.

நிசேகோவில் 'டெமோ' ஸ்கீ, அதாவது வாங்குமுன் போட்டுப் பார்ப்பதற்கென்று கடைகள் வைத்திருக்கும் ஸ்கீ, என்று கேளுங்கள். அது சாதாரண வாடகை ஸ்கீயைவிடத் தரமானது, வாடகையும் கூடுதல். பின்னர் அதே கடையில் வாங்கினால் டெமோ வாடகையை விலையில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல கடைகளில் உண்டு, ஆகவே எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது கழற்றிவிடும் பைண்டிங்கைச் சரிசெய்வதற்காக எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்ஸின் அடி நீளம் ஆகியவற்றைக் கேட்பார்கள். எடையைக் குறைத்துச் சொல்லும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அதற்கு இடம் கொடுத்தால், கழலக் கூடாத நேரத்தில் பைண்டிங் கழன்றுவிடும். திறமையைக் கூட்டிச் சொன்னாலோ, கழல வேண்டிய நேரத்தில் கழலாது. டெமோ பைண்டிங் தண்டவாளம் போன்ற தடத்தின்மேல் நகரக்கூடியது என்பதால் இன்னொரு வசதியும் உண்டு: பூட்ஸ் நிற்கும் இடத்தை ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம். வாங்கிய ஸ்கீயில் துளையிட்டுப் பைண்டிங்கை இறுக்கிவிட்டால் அதைப் பிறகு மாற்றுவது தொல்லை. எனவே உங்களுக்கு இசைந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கீயின் தயாரிப்பு ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் மாறாமலே உள்ளமைப்பு மாறுவது இந்தத் தொழிலில் சாதாரணம். நீங்கள் பார்த்த பாதி விலை ஸ்கீ, நீங்கள் சோதித்த ஸ்கீயாகவே இருக்கும் என்ற உறுதி இல்லை.

சோதனையைக் காலையில், பழகிய ஒரே சரிவில், முதல் விசைத்தூக்கியிலேயே தொடங்குங்கள். நண்பகலுக்குள் பொடிப்பனி முழுவதும் தடம் விழுந்துவிடும். முதல் இறக்கத்தில் எந்த முடிவுக்கும் வராதீர்கள். வேகம் குறைந்த நேரத்தில் முனை மேலே நிற்கிறதா, நீங்கள் பின்னால் சாய்ந்து அதைத் தூக்க வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். தொடை எரிகிறதென்றால் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்: ஸ்கீ குட்டையாக இருக்கலாம், அல்லது நிற்கும் இடம் முன்னதாக இருக்கலாம். மரங்களுக்கிடையே சட்டென்று திருப்ப முடிகிறதா என்பது அடுத்தது. விடுதிக்குத் திரும்பும் இறுகிய பாதையிலும் அதே ஸ்கீயில்தான் வர வேண்டும் என்பதால், அங்கே அது உதறுகிறதா, விளிம்பு பிடிக்கிறதா என்பதையும் பாருங்கள். பலர் இதை மறந்து, வாங்கிய பின் வருந்துகிறார்கள்.

மகளையோ மருமகனையோ விட்டுத் தனியாக மரங்களுக்குள் போகாதீர்கள். தாழ்ந்த கிளைகளின் கீழே, அடிமரத்தைச் சுற்றி, பனி இறுகாத குழி இருக்கும். அதில் தலைகீழாக விழுந்தவர் தாமாக எழுவது கடினம். நிசேகோவில் எல்லைக் கயிற்றைத் தாண்டுவதற்குத் தடை உண்டு. திறந்திருக்கும் வாயில்கள் வழியாக மட்டுமே வெளியே போகலாம், அதுவும் உங்களுக்கு இந்த ஆண்டு வேண்டாம். கடையிலேயே நீளமான வண்ண நாடா கேட்டு பைண்டிங்கில் கட்டிக்கொள்ளுங்கள். கழன்ற ஸ்கீ ஆழ்பனிக்குள் புதைந்துவிட்டால் தேடி எடுக்க அது உதவும். தொலைந்தால் முழு விலையும் உங்கள் தலையில் விழும்.

கேள்வி: பெண்களுக்கான ஸ்கீ என்பது நிறத்தைத் தவிர வேறெதிலாவது வேறுபடுகிறதா? என் மனைவி 176 சென்டிமீட்டர் உயரம், நல்ல வலு. ஆண்களுக்கானதை வாங்கினால் குற்றமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: குற்றமே இல்லை. சில நிறுவனங்கள் ஆண்களுக்கான வடிவத்தையே எடுத்து, உள்ளிருக்கும் மரத்தை இலேசாக்கி, குட்டையான நீளங்களைச் சேர்த்து, பைண்டிங் இடத்தைச் சற்று முன்னே நகர்த்தி, வேறு பெயரில் தருகின்றன. பிளிஸார்ட் நிறுவனத்தின் 'ரஸ்ட்லர்', 'ஷீவா' வரிசைகள் அவ்வாறான இணைகள்; பின்னது பெண்களுக்கானது. சிலவற்றிலோ மேற்பரப்பின் ஓவியம் மட்டுமே மாறுகிறது. எடை குறைந்தவர்களுக்கும் மெதுவாகச் சறுக்குவோருக்கும் இலேசான, எளிதில் வளையும் ஸ்கீ உண்மையாகவே நல்லது. உங்கள் மனைவியின் உயரத்துக்குப் பெண்கள் வரிசையின் மிக நீளமான அளவும் போதாமல் போகக்கூடும். இரண்டையும் ஒரே காலையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கட்டும். முடிவை அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

கேள்வி: பருவக் கடைசியில் கடைகள் விற்கும் டெமோ ஸ்கீக்களை நம்பி வாங்கலாமா?
— வாசகி, லெனேசியா

பதில்: வாங்கலாம், பார்த்து வாங்கினால். ஸ்கீயைக் கவிழ்த்து, உலோக விளிம்பு முழு நீளத்துக்கும் விரிசலின்றி இருக்கிறதா, இன்னும் தீட்டுவதற்குப் போதிய தடிமன் மீந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பரப்பின் கீறல்களை நிரப்பிச் சீராக்கலாம். விளிம்பையொட்டி அடுக்குகள் பிரிந்திருந்தால் தொடாதீர்கள். டெமோ பைண்டிங் சற்றுக் கனமானது, ஆனால் பூட்ஸை மாற்றினாலும் பயன்படும். உங்கள் பூட்ஸின் அடிவகை அந்தப் பைண்டிங்குக்குப் பொருந்துமா என்று கேட்டு, கழலும் அழுத்தத்தைக் கருவியில் சோதித்து, அந்த அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்: திரும்பும்போது சுங்கத்தில் காட்ட வேண்டியிருக்கும். அடுத்த ஆண்டு அதே ஸ்கீயோடு மீண்டும் பறக்கும்போது, புறப்படுமுன் விமான நிலையச் சுங்கப் பிரிவில் பதிவு செய்துகொண்டால், புதிதாக வாங்கி வந்ததாகக் கேள்வி எழாது.