மாவ் மாவ்: எத்தனை பேர் இறந்தார்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

1950களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கென்யாவில் நடந்த மாவ் மாவ் கிளர்ச்சி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை எங்கள் வாசிப்புக் குழுவில் பகிர்ந்தேன். அன்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. கிளர்ச்சியில் இறங்கிய கிகூயூ இன மக்களில் 3 லட்சம் பேரைப் பிரிட்டிஷார் கொன்றார்கள் என்கிறார் ஒருவர். இன்னொருவர் அரசு ஆவணத்தில் இருப்பது 11,503 மட்டுமே என்கிறார். மூன்றாமவரோ, பிரிட்டிஷ் அரசே 5,228 பேர் என்று ஒப்புக்கொண்டு இழப்பீடும் கொடுத்துவிட்டது, பிறகென்ன விவாதம் என்கிறார். ஆவணங்களை எரித்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் எந்த எண்ணை நம்புவது? கென்ய அரசே ஏன் ஒரு கணக்கு எடுக்கவில்லை?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

உங்கள் மூன்று நண்பர்களும் ஒரே கேள்விக்கு மூன்று விடை சொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

எளிதானதை முதலில் முடித்துவிடலாம். 5,228 என்பது இறந்தவர்களின் எண்ணிக்கையே அல்ல. 2013இல் உயிரோடு இருந்தவர்களின் எண்ணிக்கை. கிளர்ச்சியை ஒடுக்கக் காலனி அரசு நடத்திய தடுப்பு முகாம்களில் சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் 2009இல் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூன் 6 அன்று வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்து, வழக்குச் செலவு உட்பட 1 கோடியே 99 லட்சம் பவுண்டுக்குச் சமரசம் அறிவித்தார். அந்தத் தொகையில் பங்கு பெற்றவர்கள்தான் 5,228 பேர். சித்திரவதை நடந்தது என்று அரசு ஏற்றுக்கொண்டது, ஆனால் சட்டப்படியான பொறுப்பை அப்போதும் ஏற்கவில்லை. கொலைகளைப் பற்றி அந்தச் சமரசம் எதையும் தீர்மானிக்கவில்லை.

11,503க்கு வருவோம். நெருக்கடிநிலை 1952 அக்டோபர் 20 அன்று அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து 1956 இறுதிவரை ‘சண்டையில் கொல்லப்பட்ட பயங்கரவாதிகள்’ என்று அரசு தந்த கணக்கு இது. அதே பட்டியலில் அரசுக்கு ஆதரவான ஆப்பிரிக்கப் பொதுமக்கள் 1,819 பேர், ஐரோப்பியப் பொதுமக்கள் 32 பேர், ஆசியர்கள் 26 பேர், பாதுகாப்புப் படையினர் 590 பேர். படையினரில் 524 பேர் ஆப்பிரிக்கர்கள். வெள்ளையரைக் கொன்ற கலகம் என்று உலகம் முழுக்கப் படம் காட்டப்பட்டதற்கும் இந்தப் பட்டியலுக்கும் உள்ள தொலைவைப் பாருங்கள்.

பட்டியல் துல்லியமாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த 11,503இல் யார் சேர்க்கப்பட்டார்கள்? அபர்டேர் மலைக்காடும் கென்யா மலைக்காடும் 1953இல் தடைசெய்யப்பட்ட பகுதிகளாயின. அங்கே கண்ணில் பட்டவரைக் கேள்வியின்றிச் சுடலாம். சுடப்பட்டவர் விறகுக்கு வந்தவரா, போராளியா என்று பிறகு யாரும் விசாரிக்கவில்லை. பிணத்தைக் காட்டிலிருந்து சுமந்துவருவது சிரமம் என்பதால், கைரேகை எடுப்பதற்காகக் கைகளை வெட்டி எடுத்துவரும் வழக்கமும் இருந்தது. ‘நில் என்றதும் நிற்கவில்லை’, ‘தப்பியோடும்போது சுடப்பட்டார்’ என்ற இரண்டு வரிகள் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆக இந்த எண் இரண்டு திசையிலும் கோணலானது. போராளி அல்லாதவர்கள் உள்ளே இருக்கிறார்கள். அறிக்கையே எழுதப்படாமல் கொல்லப்பட்டவர்கள் வெளியே இருக்கிறார்கள். முகாமில் இறந்தவர்களும் பட்டினியில் இறந்தவர்களும் இதில் சேர்க்கப்படவே இல்லை. போராளிகளில் மட்டுமே 20,000க்கு மேல் இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர் டேவிட் ஆண்டர்சனின் மதிப்பீடு.

தூக்குத் தண்டனையும் இதில் வராது. அதற்கு மட்டும் நம்மிடம் உறுதியான எண் இருக்கிறது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்குக் கட்டு உண்டு. ஆண்டர்சன் அந்த வழக்குக் கட்டுகளைப் படித்துக் கணக்கிட்டார்: 1,090 பேர். இதில் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் 346 பேர்தான். ஆயுதமோ தோட்டாவோ வைத்திருந்ததற்காக 472, பயங்கரவாதிகளோடு சேர்ந்திருந்ததற்காக 210, மாவ் மாவில் சேர்வோருக்குச் சத்தியப் பிரமாணம் செய்துவைத்ததற்காக 62. நெருக்கடிநிலை விதிகள் இவற்றையெல்லாம் மரண தண்டனைக்குரிய குற்றங்களாக்கியிருந்தன. கிளர்ச்சியின் பெரும் தலைவர் டெடான் கிமாத்தியே 1957 பிப்ரவரி 18 அன்று தூக்கிலிடப்பட்டது கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகத்தான்.

இனி 3 லட்சம். இதை யாரும் பிணங்களை எண்ணிச் சொல்லவில்லை. வரலாற்றாய்வாளர் கரோலின் எல்கின்ஸ் 2005இல் செய்த கணக்கு இது. 1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 1962ஆம் ஆண்டினதையும் எடுத்துக்கொண்டு, அந்த 14 ஆண்டுகளில் கிகூயூக்கள் அண்டை இனத்தவர் பெருகிய வேகத்தில் பெருகியிருந்தால் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தார். துண்டு விழுந்தது 1,30,000 முதல் 3,00,000 வரை. ‘கணக்கில் வராதவர்கள்’ என்றுதான் அவர் எழுதினார். இணையத்துக்கு வந்து சேர்வதற்குள் அது ‘கொல்லப்பட்டவர்கள்’ ஆகிவிட்டது, அதுவும் மேல் எல்லை மட்டும்.

இந்த முறை எவ்வளவு எளிதில் தடம் மாறக்கூடியது என்பதை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம். 1948இல் கிகூயூக்கள் ஏறக்குறைய 10 லட்சம். ஆண்டுக்கு 3 சதவீதம் பெருகினால் 14 ஆண்டில் 15.13 லட்சம். 3.5 சதவீதம் என்றால் 16.19 லட்சம். அரை சதவீதம் கூட்டிப் போட்டதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘காணாமல்’ போய்விட்டார்கள்! இதே போல 1948இல் நூற்றுக்கு ஐந்து பேர் விடுபட்டிருந்தால் 1962இல் 75,000 பேர் வித்தியாசம் வரும். அந்த 1948 கணக்கெடுப்பு எல்லா இனத்தவரிடமும் ஒரே தரத்தில் நடக்கவில்லை. பிறப்பு விகிதமும் குழந்தை இறப்பும் இனத்துக்கு இனம் வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் முகாமில் அடைபட்டால் குழந்தைகள் பிறக்காது. பிறக்காத குழந்தையும் துண்டு விழுந்த கணக்கில் ஒரு தலைதான், ஆனால் அதை மரணம் என்று எழுத முடியாது.

கென்யக் கணக்கெடுப்புகளோடு பல்லாண்டு புழங்கிய மக்கள்தொகையியலாளர் ஜான் பிளாக்கர் 2007இல் வேறு வழியில் போனார். மொத்தத் தலையெண்ணிக்கையை விட்டுவிட்டு, பிந்தைய கணக்கெடுப்புகளில் கேட்கப்பட்ட கேள்விகளை எடுத்தார்: பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், தாய் தந்தை இருக்கிறார்களா? இந்த விடைகளிலிருந்து வயதுவாரியாக இறப்பு விகிதத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். பிறக்காதவர்கள் இதில் குறுக்கிட மாட்டார்கள். அவருக்குக் கிடைத்தது வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் சுமார் 50,000. அதில் வளர்ந்த ஆண்கள் 17,000, பெண்கள் 7,000, மீதி 26,000 பேர் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இந்த 26,000 என்ற எண்ணில்தான் நாம் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். எல்கின்ஸைக் குறைசொல்ல பிளாக்கரை மேற்கோள் காட்டுகிறவர்கள், ‘3 லட்சமில்லை, 50,000தான்’ என்று நிம்மதியோடு முடித்துக்கொள்கிறார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள் என்பதைச் சொல்வதில்லை. குழந்தைகளை யாரும் காட்டில் சுடவில்லை. அவர்கள் கிராமங்களில் இறந்தார்கள். 1954 ஜூன் முதல் கிகூயூக்களின் சிதறிய குடிசைகள் எரிக்கப்பட்டு, 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் 854 புதிய கிராமங்களில் அடைக்கப்பட்டார்கள். மலாயாவில் பிரிட்டிஷார் அமைத்த புதுக்கிராமங்களே முன்மாதிரி. சுற்றிலும் முள்கம்பி, கூர்செருகிய மூங்கில்கள் நட்ட அகழி, காவல் கோபுரம். அகழியை வெட்டியது உள்ளே அடைக்கப்பட்ட பெண்களேதான், கட்டாய வேலையாக. சில இடங்களில் ஊரடங்கு நாளுக்கு 23 மணி நேரம். தோட்டத்துக்குப் போக முடியாத தாய்க்கு மீதமிருந்த ஒரு மணி நேரத்தில் என்ன அறுவடை கிடைத்திருக்கும்? துப்பாக்கிக் கணக்கு வைத்திருந்த அரசிடம் இதற்குப் பேரேடு இல்லை.

முகாம் கைதிகளின் எண்ணிக்கையிலும் இதே குழப்பம்தான். அரசு சொன்னது 80,000. ஆய்வாளர்கள் குறைந்தது ஒன்றரை லட்சம் என்கிறார்கள், எல்கின்ஸ் அதற்கும் மேலே போகிறார். ஒரு நாளில் உள்ளே இருந்தவர்கள் எத்தனை பேர், உள்ளே போய் வெளியே வந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற இரண்டும் கலந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆவணங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எரித்தது உண்மை, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. 1961இல் காலனி அமைச்சர் இயன் மக்லியாட் விதி வகுத்தார்: பிரிட்டிஷ் அரசையோ காவல்துறையையோ ராணுவத்தையோ சங்கடப்படுத்தக்கூடியது, தகவல் தந்தவர்களைக் காட்டிக்கொடுக்கக்கூடியது எதுவும் சுதந்திரத்துக்குப் பின் வரும் புதிய அரசின் கைக்குப் போகக் கூடாது. கென்யாவில் கோப்புகள் ‘வாட்ச்’, ‘லெகசி’ என இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ‘லெகசி’ மட்டும் புதிய அரசுக்கு. ‘வாட்ச்’ கோப்பைத் தொட ஐரோப்பிய வம்சாவளி பிரிட்டிஷ் குடிமகனாக இருக்க வேண்டும். எரித்தால் சாம்பலைக் கட்டியில்லாமல் உடைக்க வேண்டும். கடலில் போடுவதென்றால் எடை கட்டிய பெட்டியில், நீரோட்டமில்லாத ஆழத்தில், கரையிலிருந்து இயன்றவரை தள்ளி. எரிக்காதவை விமானமேறி லண்டனுக்குப் போயின. கென்யாவின் 1,500 கோப்புகள், 300 பெட்டிகள், பக்கிங்ஹாம்ஷயரில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற அரசு வளாகத்தில் அரை நூற்றாண்டு கிடந்தன. மேலே சொன்ன வழக்கு நடந்திராவிட்டால் 2011இல் அவை வெளியே வந்திருக்காது.

அவை எதை நிரூபித்தன என்பதில் கவனம் தேவை. எல்கின்ஸின் நூல் வந்தபோது, கிழவர்கள் இழப்பீட்டு ஆசையில் சொன்ன கதைகளை நம்பி எழுதிவிட்டார் என்றார்கள். கோப்புகள் அந்த வாயை அடைத்தன. ஆளுநர் பேரிங் 1955 ஜனவரியில் லண்டனுக்கு அனுப்பிய செய்தியிலேயே, வெள்ளை அதிகாரிகள் மீதான குற்றச்சாட்டுகளின் பட்டியலில், ஓர் ஆப்பிரிக்கரை அடித்து உயிரோடு வாட்டிய மாவட்ட அதிகாரி இருக்கிறார். அட்டர்னி ஜெனரல் எரிக் கிரிஃபித்-ஜோன்ஸ் 1957இல் முகாம் அடிகளுக்குச் சட்ட வடிவம் தந்துவிட்டு, பாவம் செய்வதென்றால் ஓசைப்படாமல் செய்ய வேண்டும் என்று எழுதினார். மேலிடத்துக்குத் தெரியாது என்ற வாதம் அத்தோடு தீர்ந்தது. ஆனால் அந்தப் பெட்டிகளில் 3 லட்சம் மரணங்களுக்கான சான்று எதுவும் இல்லை. சித்திரவதை பற்றி எல்கின்ஸ் சொன்னது நின்றுவிட்டது. மக்கள்தொகைக் கணக்கு நிற்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்குவதும் ஒரே மூட்டையாகத் தூக்கி எறிவதும்தான் உங்கள் குழுவில் நடக்கிறது.

அரசு அறிக்கையை எப்படி வாசிப்பது என்பதற்கு ஹோலா முகாம் போதும். 1959 மார்ச் 3 அன்று, வேலைக்கு மறுத்த 85 கைதிகள் வயலுக்கு ஓட்டிச்செல்லப்பட்டு அடிக்கப்பட்டார்கள். 11 பேர் இறந்தார்கள். தண்ணீர் வண்டியிலிருந்து நீர் அருந்திய பிறகு இறந்ததாக முதல் அறிக்கை சொன்னது. பிணப் பரிசோதனையில் அடிகாயங்கள் வெளிப்பட்டன. அங்கே ஒரு மருத்துவ அறிக்கை இருந்ததால் பொய் பிடிபட்டது. மற்ற இடங்களில் முதல் அறிக்கைதான் இன்றுவரை ஆவணம்.

மறுபக்கமும் இருக்கிறது. 1953 மார்ச் 26 இரவு லாரி என்ற ஊரில் மாவ் மாவ் ஆட்கள், அரசு நியமித்த முன்னாள் ஊர்த்தலைவர் லூக்கா வா கஹங்காராவின் குடும்பத்தையும், ஹோம் கார்டு எனப்பட்ட அரசு ஆதரவு உள்ளூர்க் காவல்படையினரின் குடும்பங்களையும் குடிசைகளில் வைத்துக் கதவைக் கட்டி எரித்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அடியில் இருந்தது பழைய நிலத் தகராறு. அரசு படம் பிடித்து உலகெங்கும் அனுப்பியது. அதே இரவிலும் அடுத்த நாட்களிலும் ஹோம் கார்டும் படையினரும் பழிவாங்கச் சுட்டதில் இறந்தவர்கள் அதைவிட அதிகம் என்பது ஆண்டர்சனின் முடிவு. அதைப் படம் பிடிக்க யாரும் அனுப்பப்படவில்லை. முதலாவதை மட்டும் சொல்பவரும் இரண்டாவதை மட்டும் சொல்பவரும் லாரியில் நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. கென்யாவின் மூத்த வரலாற்றாளர் பெத்வெல் ஒகோட்கூட, மாவ் மாவ் செய்த கொடுமைகளுக்கு எல்கின்ஸ் கண் மூடிக்கொண்டார் என்றே விமர்சித்தார்.

கென்யா ஏன் எண்ணவில்லை என்பதற்கும் விடை இங்கேதான். இது கிகூயூக்களுக்குள் நடந்த உள்நாட்டுப் போரும்கூட. காட்டுக்கும் முகாமுக்கும் போனவர்கள் திரும்பிவந்தபோது, 1954இல் தொடங்கிய ஸ்வின்னர்டன் திட்டம் என்ற காலனி அரசின் வேளாண் திட்டத்தின் நில ஒருங்கிணைப்பில், அரசின் பக்கம் நின்ற விசுவாசிகள் நல்ல நிலத்துக்குப் பட்டா வாங்கியிருந்தார்கள். கணக்கெடுத்தால் பட்டாவையும் தோண்ட வேண்டிவரும். மறப்போம், மன்னிப்போம் என்ற நாட்டின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, மாவ் மாவை ஒழிக்கப்பட்ட நோய் என்றே பேசினார். மாவ் மாவ் மீது காலனி அரசு விதித்த தடை சுதந்திர நாட்டில் 2003வரை நீடித்தது. கிமாத்திக்கு நைரோபியில் சிலை வந்தது 2007இல். பிறகு அமைந்த உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையம் 2013இல் அறிக்கை தந்தது. அதன் விசாரணைக் காலம் 1963 டிசம்பர் 12, அதாவது சுதந்திர நாள் அன்று தொடங்குகிறது. காலனிக் காலம் அதில் பின்னணியாக மட்டுமே வருகிறது.