ஊராட்சித் திட்டத்தில் எங்கள் ஏரிக்கு இடம் உண்டா?

கேள்வி: அணைக்கட்டு ஒன்றியத்தில் மகளிர் குழு நடத்துகிறேன். நீடித்த வளர்ச்சி இலக்குகளை வைத்து ஊராட்சித் திட்டம் போட வேண்டும் என்று கிராம சபையில் சொன்னார்கள். கோடையில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீரே சரியாக வருவதில்லை. ஐ.நா. இலக்கை வைத்து நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் தெருக்குழாயும் அந்த இலக்குகளுக்குள்தான் வருகிறது. ஒவ்வொரு நாடும் நீடித்த வளர்ச்சிக்குத் தனக்கென ஒரு வழிமுறை வகுக்க வேண்டும் என்று 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. மாநாட்டிலேயே பேசினார்கள். 2015இல் 17 இலக்குகள் வந்தன, கெடு 2030. ஆறாவது இலக்கு குடிநீரும் சுகாதாரமும். ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் இந்தப் பதினேழையும் கிராமங்களுக்காக 9 கருப்பொருள்களாகச் சுருக்கியிருக்கிறது. அதில் தண்ணீரில் தன்னிறைவு என்பதும் ஒன்று. ஒன்பதையும் தொட வேண்டாம், இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தை எழுதுவதில்தான் பல ஊர்கள் கோட்டை விடுகின்றன. "குடிநீர் வசதி மேம்படுத்தப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால், அடுத்த வருடம் யாரிடமும் எதையும் கேட்க முடியாது. "கிழக்குத் தெருவில் ஏப்ரல், மே மாதங்களில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது, வரத்துக் கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டி ஏரி நிரம்புவதில்லை, புரட்டாசிக்குள் தூர்வார வேண்டும், செலவு இந்த நிதியில், பொறுப்பு இன்னாருக்கு" என்று எழுத வையுங்கள்.

அதற்கு முன்னால் ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் போடும் தீர்மானம் மேசைக்கு மேசை அலையும். நிதி இல்லை என்பார்கள். ஊராட்சிகளுக்கு 15வது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அந்தக் கணக்கைச் சபையில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் வேலூர் மாவட்டத்து நாகநதியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களே நிலத்தடி நீரைச் செறிவூட்டும் கிணறுகளைக் கட்டினார்கள். உங்கள் குழுவாலும் முடியும்.

சுற்றுச்சூழல் எல்லாம் நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், பாலாற்றைச் சொல்லுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவால் அது கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்துபவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே ஏற்றது. வட ஆற்காட்டு மக்கள் கேட்டு வாங்கிய நியாயம் அது. அதை நாம் மறக்கக் கூடாது.

திட்டத்தை அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22, தண்ணீர் தினச் சபையில் அதே தீர்மானத்தை மறுபடி வாசிக்கச் சொல்லி, எது நடந்தது, எது நின்றது என்று கேட்டு, நின்றதைப் புதுக் கெடுவோடு திரும்ப எழுத வையுங்கள். தீர்மான நகலை அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.