குராசோ லைசென்ஸ் இருந்தால் ஆன்லைன் கேசினோவை நம்பலாமா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதே கேள்வியோடு போனை நீட்டினார். கேசினோ பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரே வரி: குராசோ லைசென்ஸ். குராசோ என்பது கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு.

எந்த ஊரில் லைசென்ஸ் வாங்கலாம் என்று கேசினோ நடத்துபவர் முடிவு செய்யும்போது பார்ப்பது வரி, கட்டணம், கெடுபிடி, அப்புறம் பேங்குகள் அந்த லைசென்ஸை மதிக்குமா என்பது. ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவில் கண்காணிப்பு அதிகம், மதிப்பும் அதிகம். குராசோவில் பல வருஷம் மாஸ்டர் லைசென்ஸ் வைத்திருந்த ஒரு சிலரே மற்றவர்களுக்குத் துணை லைசென்ஸ் பிரித்துக் கொடுத்தார்கள். மலிவு, சீக்கிரம் கிடைக்கும். 2024 டிசம்பரில் வந்த புதுச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது.

எந்தத் தீவின் லைசென்ஸும் இங்கே செல்லாது. தமிழ்நாட்டின் 2022 சட்டமும் மத்திய அரசின் 2025 சட்டமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேசினோவைத் தடை செய்கின்றன. பணம் சிக்கினால் அந்தத் தீவுக்குத்தான் மெயில் போட வேண்டும். ‘இன்னும் பணம் கட்டலையே தம்பி?’ என்றுதான் அவரிடம் முதலில் கேட்டேன்.