காட்டு சேஜின் ஆன்டிஆக்சிடன்ட் திறன்: ஆய்வுக்கூடக் கேள்வி பதில்

கேள்வி: சேஜ் என்ற வாசனை மூலிகையில் கிரேக்கக் காட்டு சேஜுக்கும் தோட்டத்து சேஜுக்கும் வேதிப்பொருளில் என்ன வித்தியாசம்?

பதில்: கிரீட், சைப்ரஸ், மேற்குத் துருக்கிப் பகுதிகளில் தானாக வளரும் கிரேக்கக் காட்டு சேஜான சால்வியா ஃப்ரூட்டிகோசாவின் எண்ணெயில் பெரும்பாலும் 1,8-சினியோல்தான் முதலிடம். கசக்கினால் யூகலிப்டஸ் வாசம் தூக்கலாக வருவது அதனால்தான். கற்பூரத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறும். தூஜோன் என்ற நச்சுப்பொருள் பொதுவாகக் குறைவு. தோட்டத்து சேஜான சால்வியா அஃபிசினாலிஸில் தூஜோன் அதிகம். அது அளவு மீறி உள்ளே போனால் வலிப்பு வரலாம்.

கேள்வி: ஐயா, கிளெவஞ்சர் என்ற எண்ணெய் வடிக்கும் கருவியில் 3 மணி நேரம் காய்ச்சி எடுத்த எண்ணெயை டிபிபிஎச்சில் (ஆன்டிஆக்சிடன்ட் இருந்தால் வெளிறும் ஊதாக் கரைசல்) விட்டேன். ஊதா நிறம் அப்படியே நிற்கிறது. செடி சரியில்லையா?

பதில்: செடி மேல் பழி போடாதீர்கள். ஊதா வெளிறி மஞ்சளாக, ஹைட்ரஜனை எளிதில் விட்டுக்கொடுக்கும் ஃபீனால் வகைப் பொருள் வேண்டும். சினியோலும் கற்பூரமும் ஃபீனால் அல்ல. ரோஸ்மரினிக் அமிலம், கார்னோசிக் அமிலம், கார்னோசால் ஆகியவைதான் அந்த வேலையைச் செய்பவை. அவை நீராவியோடு ஏறாமல் குடுவையிலேயே தங்கிவிடும். காய்ச்சிய நீரையும் சக்கையையும் கொட்டிவிடாமல் சோதியுங்கள்.

கேள்வி: எக்ஸ்ட்ராக்ட், அதாவது இலைச் சாறு, எடுக்கத் தண்ணீரா, மெத்தனாலா?

பதில்: ரோஸ்மரினிக் அமிலம் வெந்நீரிலும் இறங்கும், கார்னோசிக் அமிலம் அவ்வளவாக இறங்காது. இரண்டும் வேண்டுமென்றால் 80 சதவீத மெத்தனால். நிழலில் உலர்த்திய இலைப்பொடி 1 கிராமுக்கு 20 மில்லி போதும். அன்றே அளந்துவிடுங்கள். கரைசலில் நின்றால் கார்னோசிக் அமிலம் ஆக்சிஜனேற்றத்தால் கார்னோசாலாக மாறும். பழைய எக்ஸ்ட்ராக்டை எச்பிஎல்சி என்ற பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவியில் ஏற்றிவிட்டு ‘இந்தச் செடியில் கார்னோசிக் குறைவு’ என்று எழுதுவது அப்பட்டமான தவறு.

கேள்வி: ஐசி50 (டிபிபிஎச்சில் பாதியை அடக்கத் தேவையான செறிவு) ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறதே?

பதில்: 3.9 மில்லிகிராம் டிபிபிஎச்சை 100 மில்லி மெத்தனாலில் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குத் தயாரித்து, அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். எக்ஸ்ட்ராக்ட் சேர்த்து 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டரில் அளக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டுக்கே பச்சை நிறம் உண்டு. டிபிபிஎச் சேர்க்காத பிளாங்க் (ஒப்பீட்டுக் கரைசல்) வைத்து அதைக் கழிக்காவிட்டால் திறன் குறைவாகத் தெரியும். நிற இழப்பு 50 சதவீதத்துக்கு மேலும் கீழும் விழும்படி ஐந்து செறிவுகளாவது வேண்டும். பலர் கோட்டைவிடுவது இன்னொன்றில்: ஐசி50 என்பது நீங்கள் ஊற்றிய எக்ஸ்ட்ராக்டின் செறிவா, க்யூவெட்டில் (அளக்கும் சிறு குப்பி) கலந்தபின் உள்ள செறிவா? 1 மில்லி எக்ஸ்ட்ராக்டோடு 3 மில்லி டிபிபிஎச் சேர்த்தால் இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். எதுவென்று எழுதுங்கள், ஒவ்வொரு முறையும் ஒப்பிடுவதற்கான டிரோலாக்ஸ் என்ற ஆன்டிஆக்சிடன்டையும் கூடவே ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் உண்ணிச்செடியையும் காட்டு சேஜ் என்கிறார்களே, தேநீர் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது லாண்டனா, வேறு குடும்பம். அதன் இலையிலுள்ள லாண்டடீன்கள் மாட்டின் கல்லீரலையே கெடுப்பவை.