அமெரிக்கப் பல்கலைக்கழக போலீஸ்: எண்ணிக்கையைப் பார்க்கும் முன் சீஃபின் நாற்காலியைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் வரும் ஆகஸ்டில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேரப் போகிறாள். சேர்க்கை உறுதியான பிறகு வந்த மின்னஞ்சல்களில் ஒன்று 'சீஃப் ஆஃப் போலீஸ்' பெயரில் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எதற்குத் தனி போலீஸ்? நம்மூர் செக்யூரிட்டி மாதிரியா, நிஜ போலீஸா? அதில் இருந்த பாதுகாப்பு அறிக்கையில் பாலியல் குற்றங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் கலங்கிப் போயிருக்கிறோம். இந்தத் துறையை நம்பலாமா என்று ஒரு பெற்றோர் எப்படித் தெரிந்துகொள்வது, ஐயா? (வாசகர், திருச்சி)

பதில்: நிஜ போலீஸ்தான். மாநிலச் சட்டப்படி கைது அதிகாரம், இடுப்பில் துப்பாக்கி, போலீஸ் அகாடமிப் பயிற்சி எல்லாம் உண்டு. அமெரிக்க நீதி அமைச்சகம் 2011–12 கல்வியாண்டில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 2,500 மாணவர்களாவது படிக்கும் நான்காண்டுக் கல்வி நிறுவனங்களில், அரசு நிறுவனங்கள் 92 சதவீதம் இப்படிக் கைது அதிகாரம் உள்ள போலீஸாரை வைத்திருந்தன. தனியார் நிறுவனங்களில் அது 38 சதவீதம்தான். ஆக, ஒஹையோ ஸ்டேட் விதிவிலக்கு இல்லை.

நம்மூரில் வளாகத்துக்குள் ஒரு குற்றம் நடந்தால் அது பக்கத்துக் காவல் நிலையத்தின் பொறுப்பு. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த பாலியல் வன்கொடுமை வழக்கு கோட்டூர்புரம் மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போனது. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் வளாக போலீஸுக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகமே. சீஃபை நியமிப்பதும் அதுதான், பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் இந்த ஓர் இடத்தில் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் தொடங்குகிறது.

வரலாறு நீளமானது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1894இல் யேல் பல்கலைக்கழகம் நியூ ஹேவன் நகரப் போலீஸார் இருவரைத் தன் வளாகத்துக்கென்று வாங்கிக்கொண்டது. 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டதும், அந்தப் பத்தாண்டின் மாணவர் போராட்டங்களும் சேர்ந்து, பெரிய பல்கலைக்கழகங்களை முழு அளவிலான காவல் துறைகளை நோக்கித் தள்ளின.

சீஃபின் வேலை திருடன் பிடிப்பது என்று நினைத்தால் பாதிதான் சரி. ஒஹையோ ஸ்டேட்டின் கொலம்பஸ் நகர வளாகத்தில் மட்டும் 60,000 மாணவர்களுக்கு மேல் படிக்கிறார்கள். கால்பந்து ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் மைதானத்துக்குள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். (அவர்கள் ஊர்க் கால்பந்து. அதில் பந்தைக் காலால் தொடுவது அபூர்வம் என்பது வேறு விஷயம்.) ஒரு வாரம் ஆர்ப்பாட்டம், அடுத்த வாரம் ஒரு அமைச்சரின் வருகை, நடுவே விடுதியில் தற்கொலை எண்ணத்தோடு தவிக்கும் ஒரு மாணவர். இத்தனைக்கும் மேலே ஒரு துணைத் தலைவர், அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைவர் (நம்மூர்த் துணைவேந்தருக்கு நிகர்), அதற்கும் மேலே அறங்காவலர் குழு. ஒஹையோவில் அந்தக் குழுவை நியமிப்பவர் மாநில ஆளுநர். அங்கே ஆளுநர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வருபவர், நம் முதலமைச்சர் போல.

இப்படி மேலே மேலே அடுக்கியிருக்கும் நாற்காலிகளுக்கு நடுவே, எந்த முடிவை சீஃப் தானே எடுக்கலாம், எதற்கு அனுமதி வாங்க வேண்டும்? ஒரு துறையை எடைபோட நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

2007 ஏப்ரல் 16, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம். காலை ஏழேகால் வாக்கில் ஒரு விடுதியில் இரண்டு பேர் சுடப்பட்டார்கள். இது தனிப்பட்ட தகராறு, சுட்டவன் வளாகத்தைவிட்டுப் போயிருப்பான் என்று போலீஸ் கணித்தது. மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் போனது 9:26க்கு. அதன்பின் கால் மணி நேரத்துக்குள் அதே ஆள் நாரிஸ் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்தில் சுடத் தொடங்கினான். அன்று மொத்தம் 32 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தவர்.

ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு கண்ட குறைகளில் ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. வளாகம் முழுவதற்கும் எச்சரிக்கை அனுப்பும் வசதி சீஃபின் கையில் இல்லை. உயர் நிர்வாகிகளின் குழு ஒன்று கூடி முடிவெடுத்து, வேறு ஓர் அலுவலகம் அதை அனுப்ப வேண்டியிருந்தது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் வளாகப் பாதுகாப்புச் சட்டத்தை (உங்களுக்கு வந்த அறிக்கையும் அதன்படிதான்) திருத்தியது. ஆபத்து உறுதியானால் தாமதமின்றி அறிவிக்க வேண்டும், யார் அறிவிப்பார்கள் என்பதைப் பதவிப் பெயரோடு ஆண்டறிக்கையில் எழுத வேண்டும். உங்கள் மகளின் பல்கலைக்கழக அறிக்கையிலும் அந்தப் பத்தி இருக்கும், தேடிப் பாருங்கள். அந்த நேரத்தில் பணியில் இருக்கும் போலீஸ் அதிகாரியோ அழைப்பு மையமோ யாரையும் கேட்காமல் அனுப்பலாம் என்று இருந்தால் நல்லது. மூன்று துணைத் தலைவர்கள் கலந்து பேசி, செய்தித் தொடர்பு அலுவலகம் வாசகத்தைச் சரிபார்த்து என்று போனால், எனக்குச் சற்று யோசனையாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. 2011 நவம்பர் 18 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், கூடாரம் அடித்துப் போராடியவர்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று தலைமை முடிவு செய்தது. பட்டப்பகலில் மாலை மூன்று மணிக்கு என்று நேரம் குறித்ததும் வளாகத்தின் தலைவர்தான். போலீஸ் போனது. தரையில் கைகோத்து உட்கார்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் மிளகு ஸ்பிரே அடித்த காணொளி உலகம் சுற்றியது. பிறகு நடந்த விசாரணையில், அந்த வகை ஸ்பிரே அந்தத் துறையில் அனுமதிக்கப்பட்ட ஆயுதமே இல்லை என்று தெரிந்தது. சீஃப் 2012இல் பதவி விலகினார். மாணவர்களோடு 10 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. மேலே இருப்பவர் சொல்லும்போது 'இது சரிவராது' என்று சொல்ல முடியாத சீஃப், மாணவர்களுக்கு மட்டுமல்ல, அந்தத் தலைவருக்கே ஆபத்து.

இந்த இழுபறி இன்னும் தீரவில்லை. 2024 ஏப்ரல் 30 இரவு அதே கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மாணவர்களின் போராட்ட முகாம் தாக்கப்பட்டது. போலீஸ் தலையிடப் பல மணி நேரமானது. அடுத்த மாதமே அங்கே சீஃபின் தலைக்கு மேல் பாதுகாப்புக்கென்று ஒரு புதிய உயர் பதவியை உருவாக்கினார்கள், சீஃபும் மாற்றப்பட்டார். பொறுப்பு தெளிவாகிறதா, இன்னொரு அடுக்கு கூடுகிறதா என்று கேட்டால், என் சந்தேகம் இரண்டாவதன் பக்கம்.

சரி, உங்களைக் கலங்க வைத்த அந்த எண்ணிக்கைக்கு வருவோம்.

1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளரி என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டார். அவருடைய பெற்றோர் விடாமல் போராடியதால் 1990இல் வந்த சட்டம்தான் இந்த அறிக்கையை வெளியிட வைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1க்குள், முந்தைய மூன்று ஆண்டுகளின் எண்ணிக்கையோடு வெளியிட வேண்டும். தவறினால் அபராதம் சாதாரணமாக இருக்காது. மிச்சிகன் ஸ்டேட் 2019இல் 45 லட்சம் டாலர் கட்டியது. லிபர்டி பல்கலைக்கழகத்துக்கு 2024இல் ஒரு கோடியே 40 லட்சம் டாலர்.

இந்த அறிக்கையில் குற்றம் நடந்த ஆண்டு முக்கியமில்லை, புகார் வந்த ஆண்டில்தான் அது கணக்கில் ஏறும். ஒஹையோ ஸ்டேட்டிலேயே, இருபது ஆண்டுகளுக்கும் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவர் மேல் பழைய மாணவர்கள் 2018 முதல் புகார் கொடுக்க, அந்த ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கணக்கான சம்பவங்கள் ஏறின. அதோடு, போலீஸுக்கே போகாமல் விடுதிப் பொறுப்பாளரிடமோ பயிற்சியாளரிடமோ சொன்னதும் எண்ணப்படும். ஆகவே பாலியல் குற்றப் பத்தியில் பெரிய எண் இருந்தால், அந்த வளாகத்தில் பெண்கள் துணிந்து புகார் கொடுக்கிறார்கள் என்றும் அதற்குப் பொருள் உண்டு. ஐம்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் பூஜ்யம் என்று போட்டிருந்தால்தான் நான் பயப்படுவேன்.

உங்கள் மகளுக்கு உண்மையில் நடக்க வாய்ப்புள்ளது அந்த அட்டவணையில் இருக்காது. நூலக மேசையிலிருந்து லேப்டாப் காணாமல் போவது, சைக்கிள் திருட்டு போன்ற சாதாரணத் திருட்டுகளை இந்தச் சட்டம் எண்ணச் சொல்வதில்லை. இன்னும் முக்கியம்: வளாகத்துக்கு வெளியே தனியார் அபார்ட்மென்ட்டில் நடப்பதும் இந்தக் கணக்கில் வராது. எம்.எஸ். படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்குவது அங்கேதான். ஆகவே அவள் பார்த்து வைத்திருக்கும் தெருவுக்குக் கொலம்பஸ் நகரப் போலீஸின் குற்ற வரைபடத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகப் போலீஸ் தினசரி எழுதும் குற்றப் பதிவேட்டையும் புரட்டலாம். கடந்த 60 நாள் பதிவுகளை யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது சட்டம், பெரிய பல்கலைக்கழகங்கள் இணையத்திலேயே போட்டுவிடுகின்றன.

எல்லைக் கோடு எங்கே முடிகிறது என்பதும் சின்ன விஷயமல்ல. 2015இல் சின்சினாட்டி பல்கலைக்கழக போலீஸ்காரர் ஒருவர், வளாகத்துக்கு வெளியே, முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு காரை நிறுத்தி, ஓட்டியவரைச் சுட்டுக் கொன்றார். அதன் பிறகு வளாக போலீஸ் வெளித் தெருக்களில் எவ்வளவு தூரம் ரோந்து போகலாம் என்ற கேள்வியைப் பல சீஃப்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவள் குடியிருக்கும் தெரு யாருடைய பொறுப்பு என்று வளாக போலீஸின் சாதாரண எண்ணில் கூப்பிட்டே கேட்கலாம், பதில் சொல்வார்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பல பெற்றோருக்கு அந்தப் பயம் உண்டு. பாதிக்கப்பட்டவராகப் புகார் கொடுப்பதால் அவள் பெயரில் கைதுப் பதிவு எதுவும் விழாது. கைதாவதுதான் பிரச்சினை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்கிறார்கள். 2025 வசந்த காலத்தில் தள்ளுபடியான சிறு வழக்குகளைக் காட்டிக்கூட மாணவர்களின் குடியேற்றப் பதிவுகளை முடக்கினார்கள். நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்த பிறகு ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுத்தார்கள். புளோரிடாவில் அரசுப் பல்கலைக்கழக போலீஸ் துறைகள் பல அதே ஆண்டு குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. மாநிலத்தின் அரசியல் சீஃபின் மேசை வரை வரும் என்பதற்கு அது உதாரணம். அப்புறம், போலீஸ் என்றோ குடியேற்றத் துறை என்றோ சொல்லி ஃபோனில் பணமோ கிஃப்ட் கார்டோ கேட்டால் அது மோசடி, சந்தேகமே வேண்டாம்.

கடைசியாக, உங்களுக்கு மட்டும். மகளுக்கு 18 வயது கடந்துவிட்டதால் சின்ன விஷயங்களுக்குப் பல்கலைக்கழகம் உங்களைக் கூப்பிடாது. அவள் இரண்டு நாளாக ஃபோனை எடுக்கவில்லை என்றால் திருச்சியிலிருந்து அமெரிக்க அவசர எண்ணான 911 அடித்துப் பயனில்லை, அது அமெரிக்காவுக்குப் போகாது. வளாக போலீஸின் பத்து இலக்க எண்ணை முன்னால் +1 சேர்த்து இப்போதே உங்கள் ஃபோனில் பதிந்து வையுங்கள். கூப்பிட்டு 'வெல்ஃபேர் செக்' (நேரில் போய் அவள் நலமா என்று பார்ப்பது) வேண்டும் என்று கேளுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள். அவள் பெயர், பிறந்த தேதி, அபார்ட்மென்ட் எண்ணோடு முழு முகவரி, கடைசியாகப் பேசிய நேரம், அறைத்தோழியின் எண் இவை கையில் இருக்கட்டும். முகவரி நகரப் போலீஸின் எல்லைக்குள் வந்தால் எந்த எண்ணை அழைக்க வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், பல சமயம் இணைப்பையே மாற்றித் தருவார்கள்.