புதிதாகக் கட்டிய சம்ப்பில் (தரையடித் தண்ணீர்த் தொட்டியில்) சென்ட்ரிங் பிரிக்க, அதாவது கான்கிரீட்டைத் தாங்கிய பலகையையும் முட்டுக்கழியையும் கழற்ற, ஆள் இறங்கும் முன் மெழுகுவர்த்தி இறக்கிப் பார்த்தால் போதுமா?

போதாது. ஆக்ஸிஜன் ஏறத்தாழ 16 சதவீதமாகக் குறையும் வரை மெழுகுவர்த்தி எரியும். ஆளுக்குக் குறைந்தது 19.5 வேண்டும். சுடர் நன்றாக எரியும் காற்றிலேயே இறங்கியவருக்குக் கைகால் சொன்னபடி கேட்காமல் போகலாம்.

"சாக்கடையா என்ன, புதுத் தொட்டிதானே" என்ற நினைப்புதான் ஆளைக் கொல்கிறது. தளம் போட்டு, மூடியை மூடி இரண்டு மூன்று வாரம் விட்டால் ஈரப் பலகையும் முட்டுக்கழியும் தேங்கிய தண்ணீரில் ஊறி அழுகத் தொடங்கும். அந்த நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தின்று கரியமில வாயுவை விடும். அது காற்றைவிடக் கனம், வாசனையும் கிடையாது. ஆக்ஸிஜன் 6 சதவீதம் அளவுக்குப் போயிருந்தால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். ஏணியில் திரும்பி ஏற அவகாசமே இருக்காது.

முதலில் எல்லா மூடிகளையும் திறந்து, தேங்கிய தண்ணீரை வெளியே வைத்த மோட்டாரால் இறைத்துவிடுங்கள். பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு நிரம்பிவிடும். பிறகு ஏர் புளோயர். 10 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழம் என்றால் 480 கன அடி. நிமிடத்துக்கு 500 கன அடி தள்ளும் புளோயரை அரைமணி நேரம் ஓட்டுங்கள், ஆள் உள்ளே இருக்கும் வரை நிறுத்தாதீர்கள். குழாயின் முனை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். தொட்டியின் வாயருகே மேஜை ஃபேன் வைத்தால் மேல்காற்றுதான் சுழலும். புளோயரை ஜெனரேட்டர் புகை வராத பக்கம் வையுங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை உள்ளே திறந்துவிடாதீர்கள்: 23.5 சதவீதத்தைத் தாண்டினால் எண்ணெய் பூசிய பலகை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஆக்ஸிஜன், எரியும் வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு ஆகியவற்றை அளக்கும் நான்கு வாயு மீட்டரை வெளிக்காற்றில் போட்டால் ஆக்ஸிஜன் 20.9 சதவீதம் காட்ட வேண்டும். பிறகு கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று இறக்கி, ஒவ்வோர் இடத்திலும் எண் நிலைக்கும் வரை பொறுங்கள். ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) கீழ், கார்பன் மோனாக்சைடு 35க்குக் கீழ். துணி மாஸ்க், என்95 இரண்டுமே ஆக்ஸிஜன் தராது.

இறங்குபவருக்கு முழு உடல் ஹார்னஸ், மேலே மூன்று கால் ஸ்டாண்டும், கயிற்றைச் சுற்றி ஆளைத் தூக்கும் வின்ச்சும். இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் மயங்கியவர் மடிந்து இரண்டடி வாயில் சிக்கிக்கொள்வார். மேலே நிற்பவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது, என்ன நடந்தாலும் உள்ளே குதிக்கவும் கூடாது. மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று 1986-இலேயே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எச்சரித்தது. ஆள் சாய்ந்தால் வின்ச்சைச் சுற்றுங்கள், 108-ஐயும் 101-ஐயும் கூப்பிடுங்கள், புளோயர் ஓடட்டும்.

விளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு ஏறி வந்து மூடியைப் போட்டுவிட்டால், காற்றடிப்பதும் அளப்பதும் மறுபடி முதலிலிருந்து.