பழைய வீட்டுப் பூவேலையை கொத்தி எடுக்கலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில எங்கட அப்பப்பா காலத்து மாடி வீடு. ஜன்னலுக்கு மேல சுண்ணாம்புப் பூவேலை, வாசக்கதவுக்கு மேல காத்து வர செதுக்கின மரச்சல்லடை எல்லாம் இருக்கு. இப்ப பூ உதிருது. மேசன் பாஸ் எல்லாத்தையும் கொத்திட்டு சீமெந்து பூசுவம், செலவு குறையும்னு சொல்றார். என்ன செய்றது அண்ணா? (வாசகி, கொழும்பு 13)

பதில்: கொத்த மட்டும் விடாதீங்க தங்கச்சி, போனா அது திரும்பி வராது. அந்தக் காலத்துச் செங்கல் சுவரும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சி வெயில்ல வெளிய விடும், அதுக்கு மேல சீமெந்து பூசினா ஈரம் உள்ளுக்கே அடைபட்டு, உங்கட பக்கம் கடல்காத்து வேற, சுவருக்குள்ள உப்பு பூத்து கொஞ்ச வருஷத்துல சீமெந்தையும் செங்கலையும் சேர்த்தே தள்ளி விட்டுரும். பிளாஸ்டிக் பெயின்டும் இதே வேலையைத்தான் பார்க்கும், அதால சுண்ணாம்பு அடிக்கிறதுதான் நல்லம்.

பூ உதிருதுன்னா முதல்ல மேல பாருங்க. கூரைத் தண்ணி ஓடுற பீலி ஓட்டையா, ஓடு உடைஞ்சிருக்கா, விளிம்புல அரசங்கன்று முளைச்சிருக்கா? தண்ணி வர்றதை நிப்பாட்டாம பூவை ஒட்டி பிரயோசனம் இல்ல. அரசங்கன்றை இழுத்துப் பிடுங்காதீங்க, பூவும் சேர்ந்து வரும், அடியில வெட்டி வேரைச் சாகடிக்கணும்.

பிறகு உடையாத ஒரு பூவைத் தேடி சிலிகான் ரப்பர்ல அச்சு எடுங்க. அதுல ஊறவச்ச சுண்ணாம்பும் மணலும் கலந்து வார்த்தா உதிர்ந்த இடத்துக்கெல்லாம் அதே பூ கிடைக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல வார்த்துத் தாறன்னு யாரும் சொன்னா வேணாம்னுருங்க, அது வீட்டுக்குள்ளதான் சரி, வெளிய மழைக்குக் கரைஞ்சுரும். சுண்ணாம்பு மெதுவாத்தான் இறுகும், அதுவரைக்கும் சாக்கை நனைச்சு மூடி வைக்கணும், அவசரப்படுற பாஸுக்கு இது சரிவராது.

மரச்சல்லடையை மணல்தாள் போட்டுத் தேய்க்காதீங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், தூசி பறந்தா பிள்ளைகளுக்கு ஆபத்து. கறையான் தின்ன துண்டை மட்டும் மாத்தினா போதும்.

இன்னொன்னு, தொல்பொருள் திணைக்களத்துல வீடு பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கான்னு கேளுங்க, இருந்தா அனுமதி இல்லாம கைவைக்க ஏலாது. வேலை தொடங்க முந்தி எல்லாத்தையும், அளவு தெரிய பக்கத்துல அடிமட்டம் (ஸ்கேல்) பிடிச்சு போட்டோ எடுத்து வையுங்க. பாஸை முதல்ல பின்சுவர்ல ஒரு துண்டுக்கு சுண்ணாம்பு பூசச் சொல்லுங்க, ஒரு மழைக்காலம் தாங்கினா முகப்புக்கு வரட்டும்.